ஒன்று போட்டவன் எழுதிய காரணம்

ஏப்ரல் 16
அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நாடு எதை ஆராய வேண்டும் என்ற வரைவுப் பட்டியல் வந்துவிட்டது. எங்கள் சுகுபா ஆய்வகத்திலிருந்து ஒரே தலைப்பு. என்னுடையது இல்லை. கூட வேலை பார்க்கும் மிசுதானியுடையது.

சாலை திடீரென்று உள்வாங்குவதை முன்பே அறிய நான் ரேடார் வண்டி கேட்டிருந்தேன். மண்ணுக்கடியில் இணையத்துக்காக ஏற்கெனவே கிடக்கும் கண்ணாடி இழைக் கம்பியே அதிர்வைக் கேட்டுச் சொல்லிவிடும் என்கிறான் அவன். புதிதாக எதுவும் வாங்க வேண்டாமாம். பட்டியல் போடும் குழுவுக்கு இனிக்காமல் என்ன செய்யும்?

ஏப்ரல் 17
நானும் அவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கேன்டீனில் தலைவர் ஒகிட்சு தன் தட்டிலிருந்த பொரித்த இறாலை எடுத்து அவன் தட்டில் வைத்தார். "சாப்பிடுப்பா, நாட்டுக்கே தலைப்பு குடுத்தவன்." பிறகு என்னிடம்: "குசே, மூஞ்சிய அப்படி வச்சுக்காத, சூப்பு திரிஞ்சுடும்."
எல்லாரும் சிரித்தார்கள். அவனும்.

மே 9
கருத்தாய்வுத் தாள் எனக்கும் வந்தது. ஒவ்வொரு தலைப்புக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். பெயர் போட வேண்டாம்.
அவனுடையதற்கு ஒன்று போட்டேன்.

ஜூன் 20
இரண்டாம் சுற்று. மற்றவர்கள் போட்டதைக் காட்டிவிட்டு, மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்கிறார்கள். எல்லாம் நான்கு, ஐந்து. ஓரத்தில் ஒரே ஒரு ஒன்று. விலகி நிற்பவர் காரணம் எழுத வேண்டும். மூன்றுக்கு நகர்ந்துவிட்டால் எழுத வேண்டியதில்லை. எல்லாரும் அப்படித்தான் நழுவுவார்கள். நான் ஏன் நகர வேண்டும்?

எழுதினேன்: "மழைக்காலத்தில் ஈர மண்ணும் குழியும் ஒரே மாதிரிதான் கேட்கும். அங்கே இந்த முறை செத்தது."
அதோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம். ஓட்டை தெரிந்தால் அடைக்கும் வழியை எழுதாமல் என் கை நிற்காது. "மழைக்கு முன்னும் நீர் வடிந்த பின்னும் ஒரே இடத்தை அளந்து ஒப்பிடுக. ஈரம் காய்ந்துவிடும். குழி காயாது."

ஜூன் 21
அது என் யோசனை. அவன் தலைப்புக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன் — மடையன்டா நீ.

அக்டோபர் 4
இறுதிப் பட்டியல். அவன் தலைப்பு முதல் பத்தில். வாசகம் மாறியிருக்கிறது: "மழைக்கு முன்னும் நீர் வடிந்த பின்னும் ஒப்பிட்டு..." என் சொற்கள்.

மிசுதானி ஓடிவந்தான். "டேய் குசே, குழு கருத்தெல்லாம் அனுப்பியிருக்கு. யாரோ ஒரு கிழம்டா! ஒன்னு போட்டுத் திட்டியிருக்கு, கூடவே வழியும் சொல்லியிருக்கு. குழி காயாதாம்! யாருன்னு தெரிஞ்சா நெத்தி தரையில படக் கும்பிடுவேன்."

சொல்லலாம். சொன்னால் அந்த ஒன்றையும் சொல்ல வேண்டும்.
"கிழம்னு எப்படித் தெரியும்?"
"இவ்ளோ கடுப்பு நம்ம வயசுல வராதுடா."

நவம்பர் 12
நிதி விண்ணப்பம். துணைக்கு என்னைத்தான் கேட்டான். 'யோசனை யாருடையது' என்ற கட்டத்தில், "பெயர் தெரியாத நிபுணர், இரண்டாம் சுற்று" என்று எழுதியிருந்தான். "நம்முதுன்னு போட்டா திருட்டுடா" என்றான். இவன் கெட்டவனாகவாவது இருந்திருக்கலாம்.

அதற்குக் கீழே துணை ஆய்வாளர் கட்டம். கையெழுத்துக்குப் பதிலாக என் பெயர் முத்திரையைக் குத்தினேன். கோணலாக விழுந்தது.
"வேற தாள் எடுக்கட்டுமா?"
"வேண்டாம்டா. அனுப்பு."