கல்தொட்டியில் வந்த மஞ்சள் மீன்

மதினி,

மூத்த பேத்தி உபாத்திமைப் பரீட்சை தேறி முக்கூடல் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். நடுப்பேரனுக்குத் தாலுகா கச்சேரியில் எழுத்து வேலை. கொழும்பிலிருக்கும் கடைக்குட்டி வகுப்பில் முதலாவது. வேதவசனம் ஒப்பித்துப் பரிசும் வாங்கினான். நான் அஞ்சாம் வகுப்போடு சரி.

நீங்கள் கண்மூடிய பின் இதைச் சொல்ல ஆளில்லாமல் இன்று உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் மகன் கல்தொட்டியைக் கழுவிக் கவிழ்த்திருந்தான். பாசி வாடை மட்டும் மிச்சம். அப்போது முதல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அந்தக் கடைக்குட்டிக்கு ஆறாம் மாதம் கண் தெளிந்தபோது பூனைக்கண். மகனுக்கும் மருமகளுக்கும் கருவிழி. மருமகளோ துரை வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவள். ஊர் வாய் சும்மா இருக்குமா? அவளை ஸ்ரீவைகுண்டத்துக்கே, தாய்வீட்டுக்கு அனுப்பிவிட வண்டி சொன்னேன்.

நீங்கள் வந்து என் கையைப் பிடித்துத் தொட்டியடிக்கு இழுத்துப் போனீர்கள். நெற்றியில் வெள்ளிப்பொட்டு வைத்த கிணற்று மீன்களில் ஒன்று மட்டும் மஞ்சளாய் உங்கள் வாளியில் ஏறிவந்ததும், அதைக் கருப்பு மீனோடு விட்டதும், குஞ்செல்லாம் கருப்பாய்ப் பொரிந்ததும் எனக்குத் தெரியும். மஞ்சளைக் காக்கை கொத்திப் போனதும் தெரியும். அன்று பார்த்தால் அந்தக் கருப்புகளின் குஞ்சில் மூன்று மஞ்சள்.

ஆற்றிலிருந்து கொண்டுவந்து விட்டிருப்பீர்கள் என்றேன்.

“மஞ்சமீன் புடிக்க ஆத்துக்குப் போவ எனக்கு வேற சோலி இல்லயாட்டி?” என்று சிரித்தீர்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, “தாய் போயிட்டு. பெத்ததுக அம்புட்டும் கருப்பு. பேரப்பிள்ளையில வந்துட்டு பாத்தியா? இம்புட்டு நாளும் எங்கனட்டி ஒளிஞ்சிருந்து?” என்றீர்கள். நான் தொட்டிக்குள் குனிந்தேன். நீங்கள் விடவில்லை. “ஒங்க ஆச்சிக்குக் கடைசிக் கஞ்சி ஊத்துனவ நான். அவ கண்ணு எனக்கு மறக்கல.”

எனக்கு மட்டும் மறந்ததா, மதினி? ஆச்சியின் பூனைக்கண் தெரிந்தேதான் வண்டி சொன்னேன். பழி என் பிறந்த வீட்டுப் பக்கம் திரும்பக்கூடாதே என்றுதான்.

வண்டியைத் திருப்பி அனுப்பினேன். காரணத்தை மருமகளிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாமலே போய்விட்டீர்கள். என் இரக்கத்தால் பிழைத்தோம் என்று நினைத்து, கொழும்பிலிருந்து கடிதம்தோறும் நன்றி எழுதுகிறாள். ஒவ்வொரு நன்றியும் நெஞ்சில் முள்ளாய்க் கிடக்கிறது.

மத்தியானம் முதல் அவளுக்கு எழுதி எழுதிக் கிழித்தேன். நான்காவது தாள் நின்றது. ஆச்சியின் கண்ணையும், நான் மறைத்ததையும் எழுதிவிட்டேன். இனி அவள் நன்றி எழுதமாட்டாள். கடிதமே எழுதாமலும் போகலாம். போன வருஷம் அவர்கள் ஊருக்கு வந்தபோது எடுத்த படத்தில் பிள்ளையைக் குனிந்து நிற்கச் சொன்னதும் நான்தான். அதனால் கடைசியில் இப்படிக் கேட்டிருக்கிறேன்: மனமிருந்தால் புதுப் படம் ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு, தாயே. பிள்ளை நிமிர்ந்து நேரே பார்க்கட்டும்.