பழைய நம்பரின் புதிய சொந்தக்காரி

கடையநல்லூர்,
4.7.2025

எங்கள் பழைய நம்பரின் புதிய சொந்தக்காரி அவர்களுக்கு,

வணக்கம். முந்தாநாள் உங்களுக்குப் போன் போட்ட தானியங்கிக் குரல் நான்தான். "ஓடிபி சொல்ல எண் ஒன்றை அழுத்தவும், திட்டுவதற்கு எண் இரண்டை அழுத்தவும்" என்றேன். நீங்கள் எதையும் அழுத்தாமலே இரண்டாவதைச் செய்தீர்கள்.

"ஏட்டி, போலீஸ்காரிகிட்டயே ஓடிபி கேக்கியா? நெசமான ஆளுன்னா பேரு, அட்ரஸ் போட்டு லெட்டர் எழுது. களவாணி எவளும் வீட்டு அட்ரஸ் தர மாட்டா. குற்றாலம் அருவிக்கரை உதவி மையம், ஏட்டு அனுசியான்னு போடு, வரும்" என்று சொல்லிவிட்டு என்னை பிளாக் செய்தீர்கள். இதோ என் அட்ரஸ், மேலே இருக்கிறது. களவாணிக்கும் எனக்கும் உள்ள முதல் வித்தியாசம்.

விளையாட்டை ஓரமாக வைத்துவிட்டு விஷயத்தைச் சொல்கிறேன். என் பெயர் மிஸ்ரியா. பிளஸ் டூ முடித்துவிட்டேன், தென்காசியில் கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. என் உம்மா பெயர் ரஹ்மத். வீட்டிலேயே தையல். வாப்பா சவூதியில். உம்மா தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவள். அந்தப் பதிவை இந்த மாதக் கடைசிக்குள் புதுப்பிக்க வேண்டும். விட்டால் ரத்து. என் படிப்புக்கு வரவேண்டிய உதவியும் அதோடு போய்விடும்.

இணைய மையத்துப் பென்னி அண்ணனிடம் போனோம். முதல் நாள் "சர்வர் டவுன்" என்றார். "டவுன்ல இருந்தா பஸ் ஏறி ஜங்ஷனுக்கு வரச் சொல்லுங்க" என்றேன். அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் சர்வர் வந்துவிட்டார், ஆனால் ஓடிபி பழைய நம்பருக்குப் போய்விட்டது. "சரி, நம்பரை மாத்துங்க" என்றோம். மாற்றுவதற்கும் பழைய நம்பருக்குத்தான் ஓடிபி போகுமாம். அந்த நம்பர் கையில் இருந்தால் நான் ஏன் மாற்றுகிறேன்? வாரிய அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டோம். அங்கேயும் இதே பதில்தான், உட்காரவைத்துச் சொன்னார்கள்.

ஓடிபி என்றால் ஓடிப் பிடி என்று அர்த்தம்போல. ஓடி வந்து உங்களைப் பிடித்திருக்கிறேன்.

அந்த நம்பரை உம்மா தொலைக்கவில்லை. இரண்டு சிம்முக்கும் ரீசார்ஜ் செய்ய முடியாத நேரத்தில், என் பாடத்துக்கு நெட் வேண்டும் என்று தன்னுடையதை விட்டுவிட்டாள். இதை அவள் எழுதச் சொல்லவில்லை. நானாக எழுதுகிறேன்.

இன்னொன்று. உம்மாவுக்கு ரேஷன் அட்டையில் பெயர் குடும்பத் தலைவி. மற்றக் காகிதங்களில் எல்லாம் இன்னாரின் மனைவி. இந்த ஒரு வாரிய அட்டையில்தான் "தொழில்: தையல்" என்று இருக்கிறது. படிப்பு உதவி எனக்கு. அந்த வரி அவளுக்கு.

இப்படிக்கு,
அன்பிளாக்கை எதிர்பார்க்கும்
மிஸ்ரியா


குற்றாலம்,
8.7.2025

மிஸ்ரியாவுக்கு,

கடிதம் வந்தது. உன் வாய் பேனாவுக்குள்ளும் போய்விட்டது.

இந்த நம்பருக்கு ஓடிபி கேட்டுப் பேசிய மூன்றாவது ஆள் நீ. ஒருவன் பேங்க் மேனேஜர் என்றான். இன்னொருவன் என் சொந்த அத்தை மகன் என்றான். எனக்கு அத்தையே கிடையாது. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் "ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள்" என்று பேசுகிற வேலையும் என்னுடையது. நான் சொல்லலாமா?

அட்ரஸ் யாருடைய அட்ரஸாகவும் இருக்கலாம். ஆகவே ஒரு கேள்வி. இந்த நம்பரை வாங்கியதிலிருந்து ரஹ்மத்தைக் கேட்டுப் பலர் கூப்பிடுகிறார்கள். "இது போலீஸ், யாருங்க?" என்றதும் எல்லோரும் வைத்துவிடுகிறார்கள். ஒரு பெண்பிள்ளை மட்டும் வைப்பதில்லை. "ரஹ்மத்து, குரல மாத்திப் பேசுனா நான் விட்டுருவனா? எங்கட்டி என் சட்ட?" என்று என்னையே ஏசுகிறாள். அவள் யார்? துணி என்ன நிறம்? ஏன் தாமதம்?

சரியாகச் சொன்னால் மேற்கொண்டு யோசிக்கிறேன்.

அனுசியா,
தலைமைக் காவலர்


கடையநல்லூர்,
11.7.2025

மதிப்பிற்குரிய அனுசியா மேடம்,

விடை: ரெங்கம்மாள் பெரியம்மா. மாம்பழ மஞ்சள். தாமதத்துக்குக் காரணம் அவர்களேதான். கை முதலில் முழங்கை வரை என்றார்கள், அப்புறம் முக்கால், அப்புறம் பஃப் வை என்றார்கள். சட்டை எப்போதோ ரெடியாகிவிட்டது. வாங்கத்தான் ஆளைக் காணோம் என்று உம்மா நினைத்துக்கொண்டிருந்தாள்.

மேடம், உங்கள் கடிதத்தை உம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "போலீஸ் என்றதும் வைத்துவிடுகிறார்கள்" என்ற இடம் வந்ததும் மிஷினை நிறுத்திவிட்டாள். கொஞ்ச நாளாகவே துணி வரத்து குறைந்துபோயிருந்தது. ரெடிமேட் வந்துவிட்டது, அதனால்தான் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டிருந்தோம். பக்கத்துத் தெரு நாசர் மாமாவின் வீட்டுக்காரி ஒருநாள் உம்மாவின் கையைப் பிடித்து, "ரஹ்மத்து, எந்தக் கஷ்டம்னாலும் எங்கிட்ட சொல்லணும், என்னா?" என்று கண் கலங்கினாள். எதற்கென்றே தெரியாமல் உம்மாவும் கூடச் சேர்ந்து கலங்கினாள்.

இப்போது புரிந்துவிட்டது. உம்மாவைப் போலீஸ் ஏதோ கேசில் பிடித்து விசாரித்திருக்கிறது, போனையும் பறித்து வைத்திருக்கிறது என்று ஊர் முடிவு செய்திருக்கிறது.

உம்மா உடனே மஞ்சள் சட்டையை எடுத்துக்கொண்டு ரெங்கம்மாள் பெரியம்மா வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"மொதல்ல நீதான் குரல மாத்திப் பேசுதன்னு நெனச்சேன். பாத்தா நெசமாவே போலீஸ்காரிதான் எடுக்கா. ஒன்னயப் புடிச்சிட்டாவன்னுதான் எல்லாரும் சொன்னாவ."

"பெறவு ஏங்க்கா தெனமும் போன் அடிச்சீங்க?"

"ஆளப் புடிச்சா என்னட்டி? சட்டையப் புடிச்சிருக்க மாட்டாவல்லா!"

அங்கேயே போட்டுப் பார்த்தார்கள். அளவு கச்சிதம். பஃப் மட்டும் வேண்டாமாம்.

மேடம், எங்கள் வீட்டில் என்ன கெட்டுப்போயிருக்கிறது என்றே தெரியாமல் இருந்தோம். நீங்கள் சந்தேகப்பட்டுக் கேட்ட ஒரு கேள்வியால் தெரிந்தது. சந்தேகத்துக்கு நன்றி சொல்வது எனக்கு இதுதான் முதல் தடவை.

இப்படிக்கு,
தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும்
மிஸ்ரியா


குற்றாலம்,
14.7.2025

மிஸ்ரியாவுக்கு,

பாஸ்.

என் குரலால் ஒரு குடும்பத்துக்கு வந்த வரும்படி நின்றது என்பது உன் கடிதம் வரும்வரை எனக்குத் தெரியாது. இப்போது யார் கூப்பிட்டாலும் முதல் வரியிலேயே, "ரஹ்மத்துக்கு நம்பர் மாறிப்போச்சு, அந்தப் புள்ள மேல எந்தக் கேசும் கெடையாது" என்று சொல்லி, நீ கவரின் பின்பக்கம் எழுதியிருந்த உம்மாவின் புது நம்பரைக் கொடுக்கிறேன். கேஸ் இல்லை என்றதும்தான் சிலருக்குச் சந்தேகமே வருகிறது. இருந்தாலும் நம்பரைக் குறித்துக்கொள்கிறார்கள்.

ஓடிபியைப் போனில் சொல்ல மாட்டேன். அதில் மாற்றம் இல்லை. ஆனால் அந்தச் செய்தி ரஹ்மத் என்ற பெயருக்கு வருகிறது. ரஹ்மத் நேரில் வந்தால் அவர்களுடையதை அவர்கள் கையில் கொடுப்பேன். சீசன் முடியும்வரை எனக்கு லீவு கிடையாது. நீங்கள்தான் இங்கே வர வேண்டும். பெண்கள் குளிக்கப் போகும் வரிசைக்குப் பக்கத்தில் நிற்பேன். உம்மாவையும், வாரிய அட்டையையும், ஆதாரையும் கொண்டு வா. உன் மிமிக்ரியை வீட்டில் வைத்துவிட்டு வா.

அனுசியா


கடையநல்லூர்,
20.7.2025

அன்புள்ள அனுசியா அக்காவுக்கு,

மேடம் போய் அக்கா வந்துவிட்டது. மைக்கில் என் பெயரைச் சொன்ன பிறகு மேடம் என்று கூப்பிட முடியவில்லை.

உங்கள் பக்கம் நடந்தது உங்களுக்குத் தெரியும். எங்கள் பக்கம் நடந்ததைக் கேளுங்கள். நீங்கள் உம்மாவின் ஆதாரையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "படத்துல இருக்கது யாரு, ஒங்க மாமியாளா?" என்று கேட்டீர்களே, அந்த நிமிடமே உம்மாவுக்கு உங்களைப் பிடித்துவிட்டது. அதுவரை என் கையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

நான் என் போனில் வாரியத்தின் பக்கத்தைத் திறந்து ஓடிபி அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்குள் வரிசையில் ஷாம்புச் சண்டை. நீங்கள் விசிலடித்துக்கொண்டு ஓடினீர்கள். நீங்கள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் என் திரையில் "ஓடிபி அனுப்பப்பட்டது" என்று வந்துவிட்டது. நேரம் குறைய ஆரம்பித்தது. நடுவில் பார்த்தால் ஒரே எண்ணெய்த் தலைகள். ஓடிப் பிடிக்கலாம் என்றால் வழுக்குகிறது.

அப்போதுதான் "நகைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும்" என்று ஓடிக்கொண்டிருந்த மைக் நின்றது. உங்கள் குரல் வந்தது: "கடையநல்லூர் மிஸ்ரியா, எங்கன நின்னாலும் குறிச்சுக்கிடு! ஏழு. ரெண்டு. ரெண்டு. நாலு. எட்டு..." கடைசி எண்ணை அருவிச் சத்தம் தின்றுவிட்டது.

பக்கத்தில் ஒரு மலையாளத்துச் சேட்டன் லாட்டரிச் சீட்டை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்து, "ரெண்டு நம்பர் போயல்லோ!" என்று தலையில் கை வைத்தார். இன்னொருவர் தன் கார் நம்பர் என்று நினைத்து ஓடினார். ஆயிரம் பேர் காதில் விழுந்த ரகசியம், ஒருத்தருக்கும் உபயோகமில்லை.

ஐந்து எண்களைத் தட்டிவிட்டு ஆறாவதற்கு நின்றேன். உம்மாவைத் திரும்பிப் பார்த்தால் ஆள் பக்கத்தில் இல்லை. கடைப்படிமேல் ஏறி நிற்கிறாள். மிஷின் சத்தத்துக்கு மேல் இதுவரை குரலை உயர்த்தாத என் உம்மா, இரண்டு கையையும் வாயில் குவித்து, "யம்மா போலீசம்மா! கடசி நம்பரு ஒண்ணா, ஒம்பதா?" என்று கத்தினாள். நீங்கள் "ஒம்பது!" என்றீர்கள். அதுவும் எங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. வரிசையில் நின்ற பெண்கள்தான் "ஒம்பதாம்", "ஒம்பதாம்ளா" என்று ஒருத்திக்கு ஒருத்தி சொல்லி எங்கள் வரை கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்தப் பெயர் தெரியாத ஈரத்தலைக்காரிகளுக்கும் என் நன்றி.

விண்ணப்பம் போய்விட்டது. ஏற்பார்களா இல்லையா என்று இன்னும் தெரியவில்லை. புது நம்பர் ஏறுவதற்கும் நாளாகும், அதுவரை செய்தி உங்களுக்குத்தான் வருமாம். தயவுசெய்து அடிக்கடி பாருங்கள்.

திரும்பும்போது உம்மாவும் நானும் தென்காசியில் பஸ் மாறினோம். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், "ஏட்டி, நான் கத்துனது ரொம்ப தூரம் கேட்டுருக்குமோ?" என்றாள். "கேரளா வரைக்கும் கேட்டுச்சும்மா" என்றேன். அப்புறம் கடையநல்லூர் வந்து சேரும்வரை சிரித்தாள். இவள் இப்படிச் சிரித்துப் பார்த்து நாளாயிற்று. படிப்பு உதவி வந்தாலும் வராவிட்டாலும் இந்தச் சிரிப்புக்கு உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன். இதில் விளையாட்டு எதுவும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் மிஸ்ரியா


குற்றாலம்,
28.7.2025

அன்புள்ள மிஸ்ரியாவுக்கு,

இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு, "மைக்ல தாயமா உருட்டுனீங்க?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன்.  "சரி, அந்தப் பொம்பளைக்குக் கெடச்சிட்டுல்லா" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அப்போது எனக்குப் பதில் தெரியாது. இன்று காலை தெரிந்துவிட்டது.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்களுக்கு இதுவரை என் போனால் வந்தது எல்லாம் வம்புதான். அதனால் வந்த செய்தியை எழுத்து மாறாமல் கைப்பட எழுதுகிறேன். உம்மாவிடம் படித்துக் காட்டு:

"ரஹ்மத் அவர்களே, தொழில்: தையல். தங்கள் பதிவு புதுப்பிக்கப்பட்டது."

புது நம்பரும் ஏறிவிட்டதாக அடுத்த செய்தி வந்தது. இனி உங்களுடையது எதுவும் எனக்கு வராது. சட்டை கேட்டுக் கூப்பிடுகிறவர்களும் நின்றுவிட்டார்கள். இந்த நம்பர் ஸ்டேஷனுக்கும் என் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும், அம்மாவுக்கோ இப்போது காது கேட்பதில்லை. டூட்டி முடிந்து வந்தால் போன் சும்மா கிடக்கிறது. ரெங்கம்மாள் ஏசியதுகூடப் பரவாயில்லை என்று தோன்றுகிறது.

நன்றாகப் படி. கல்லூரியில் தானியங்கிக் குரலில் பேசாதே.

அன்புடன்,
அனுசியா


கடையநல்லூர்,
2.8.2025

அன்புள்ள அனுசியா அக்காவுக்கு,

மிஸ்ரியா எழுதுகிறேன், ஆனால் பேசுவது உம்மா. அவளுக்கு எழுத வரும். போலீசுக்கு எழுதக் கை வரவில்லையாம். ஒரு சொல்கூட மாற்றக் கூடாது என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

"தங்கச்சிக்கு, ரஹ்மத் சொல்லுதது. நல்லா இருக்கியளா? நீங்க எழுதுனத மிஸ்ரியா மூணு தடவ படிச்சுக் காட்டுனா. நாலாவது தடவ நானே படிச்சேன். இவ காலேஜுக்குப் பணம் கட்டியாச்சு, உதவிக்கும் எழுதிப் போட்டாச்சு. அன்னைக்கு நான் கத்துனது மரியாதைக் கொறச்சலா இருந்தா மனசுல வச்சிக்கிடாதீங்க. எனக்கே தெரியாது எனக்கு அவ்வளவு சத்தம் வரும்னு.

அந்த நம்பரு ஒங்ககிட்டயே இருக்கட்டும். எனக்கு அது மனப்பாடம். ராத்திரி சாப்பிட்டதும் நான் போன் போடுதேன். என்னத்தப் பேசன்னு எனக்கும் தெரியாது, சும்மா பேசுவோம். எடுத்ததும் 'இது போலீஸ்'னு மட்டும் சொல்லிராதீங்க, இப்பவும் நெஞ்சு திக்குங்கும்.

அளவுச் சட்ட ஒண்ணு குடுத்து விடுங்க. காக்கி எனக்குத் தைக்க வராது. மத்தது எதுன்னாலும் தச்சுத் தாரேன். துட்டப் பத்திப் பேசப்படாது."

அக்கா, இடையில் ஒரு ஜோக் எழுதப் பார்த்தேன், பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். கையெழுத்தையும் அவளே போடப்போகிறாளாம்.

ரஹ்மத்
தையல் தொழிலாளி