நான் ஏறினால் மட்டும் வரும் சத்தம்

அண்ணா,

சோறு குக்கரில் இருக்கிறது.

“நீ ஏறினாத்தான் என் ஸ்போர்ட்ஸ் கார் கடகடங்குது, இனிமே ஏறாதே” என்று நேற்று கத்தினாயே, அது ஏன் என்று யோசித்து எனக்குத் தூக்கமே வரவில்லை. காலையில் குனிந்து தேடிப் பார்த்தேன். பஞ்சர் பம்பையும் ஜாக்கியையும் என் சீட்டுக்குப் பின்னால் சும்மா செருகியிருக்கிறாய். இந்தக் குள்ளிக்காகச் சீட்டை முன்னால் இழுத்ததும் பிடிமானம் போய், இரண்டும் கும்மாளம் போடுகின்றன. நீ பிரேக் அடித்தால் என் மண்டைக்குத்தான் ஆபத்து.

பையில் போட்டு, டிக்கிக் கொக்கியோடு பெல்ட்டால் இறுக்கிக் கட்டிவிட்டேன். கார் சாவி ஃபிரிட்ஜ் மேலே.

பி.கு.: பெல்ட் உன்னுடையதுதான். பேண்டைப் பிடித்துக்கொண்டே ஆபீஸ் போ.

இன்னொன்று: சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக வா. இனி வண்டியில் சத்தம் கேட்டால், அது நான் பேசுவதுதான்.