துரைமார் நாற்காலி

மேனேஜர் துரை அவர்களுக்கு,

ஆரல்வாய்மொழியில் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறேன். கோபம் ஆறியதும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடச் சொல்லியிருந்தீர்கள். எனக்குக் கோபமே இல்லை. உங்களை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

சுதந்திர தினத்தன்று எஸ்டேட்டில் கொடியேற்றிவிட்டு, வெள்ளைக்காரனை விரட்டிய கதையைத் தொண்டை கிழியப் பேசினீர்கள். கேட்டுக்கொண்டு வெயிலில் நின்ற சுயம்புக்கனி மயங்கி விழுந்தாள். ரப்பர் பால் வெட்டுகிறவள், காலையில் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. நான்தான் அவளைத் தாங்கிக் கொண்டுவந்து பங்களா வராந்தா நாற்காலியில் உட்காரவைத்தேன். அவள் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் ஓடி வந்தீர்களே!

"எழும்புட்டீ! தொரைமாரு இருந்த கசேரியாக்கும் அது!"

அவள் எழவில்லை.

"வெள்ளக்காரன் போயாச்சுன்னு இப்பந்தானே சொன்னிய? பொறவு ஆருக்காக இதக் காவல் காக்குதிய?" என்று கேட்டாள்.

அந்த இடத்திலேயே அவளை வேலையைவிட்டு நிறுத்தினீர்கள். உங்களால் முடிந்தது அவ்வளவுதான்.

வெள்ளைக்காரன் எதற்குத் திரும்பி வரவேண்டும்? அவன் கேட்காமலேயே அவன் வேலையைப் பார்க்க நீங்கள் இருக்கிறீர்கள். பசித்து விழுந்த ஒருத்தி பயமில்லாமல் உட்கார முடியாத மண்ணில் எந்தக் கொடி பறந்தால் என்ன?

திங்கட்கிழமை தொழிலாளர் அலுவலகத்தில் சுயம்புக்கனியின் மனு விசாரணைக்கு வருகிறது. முதலாளி சார்பில் நீங்கள்தான் வருவீர்களாம். அவள் பக்கம் சாட்சி சொல்ல யாரும் துணியமாட்டார்கள் என்று தைரியமாக இருக்க வேண்டாம். நான் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா