நீலம் விழுந்த கண்ணாடி

அக்கா,

கைப்பேசி வெளிச்சத்தில் உன் கண்ணாடித் துண்டைப் பிடித்திருக்கிறேன். அதன் வழியாகப் பார்த்தால் வெறும் கண்ணாடி. வெளிச்சம் பட்டுத் திரும்பும்படி பிடித்தால் நீலம், இன்னும் சாய்த்தால் ஊதா. அடுத்த அறையில் அப்பா இருமுகிறார். அவர் மறுபடி தூங்கும் வரை பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இது என்னிடம் இருப்பது யாருக்கும் தெரியாது. ஆய்வகத்திலிருந்து வரும் வழியில், அமரவிளை தாண்டி, மழையில் உன் வண்டி சறுக்கிய பிறகு உன் பொருள்களை அப்பா பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்; இதை மட்டும் அதற்கு முன்பே நான் எடுத்துக்கொண்டேன். உன் பெயரைச் சொன்னால் அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விடுகிறாள்.

முதன்முதலில் இதைக் காட்டியபோது, நீல மை ஊற்றினாயா என்று கேட்டேன். நீ சிரித்தாய்.

"மையே இல்ல மக்கா. நம்ம பிரிண்டர் போலதான், மைக்குப் பதிலா டைட்டானியம் கரைசல் புள்ளி புள்ளியா தெறிக்கும். உலையில வச்சுச் சுட்டா ஆக்சைடு ஆயிரும். பூச்சுக்கு மேலேருந்து கொஞ்சம் வெளிச்சம் திரும்பும், அடியிலேருந்து கொஞ்சம் திரும்பும். ரெண்டும் சேரும்போ சில நிறம் கூடும், சில நிறம் அழிஞ்சு போவும். அவ்வளவாக்கும்."

மெல்லிய பூச்சு பொன்னிறம். அதன்மேல் மறுபடி அடித்தால் ஊதா, பிறகு நீலம். நிறத்தைப் பார்த்தே கனம் சொல்வாய்.

இந்தத் துண்டை நீ ஒருநாள் அடுக்களைத் திண்டில் வைத்துவிட்டுப் போனது நினைவிருக்கிறதா? மண்ணெண்ணெய் பட்ட கண்ணாடி என்று நினைத்து அம்மா சோப்புப் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்திருக்கிறாள். நீ குளித்துவிட்டு வந்தபோது கோபமாக நின்றாள்.

"எவ்வளவு தேச்சும் போவல்ல பிள்ளே. இது கெட்டுப்போன கண்ணாடியாக்கும், வெளிய களை."

"போவல்லியா? அம்மா, நீ எங்க லேபுக்கு வா. பூச்சு ஒட்டியிருக்கான்னு நோக்க அங்க இப்படி ஒரு ஆளு இல்ல."

அம்மா சிரித்துக்கொண்டே ஈரக்கையால் உன் முதுகில் அடித்தாள். அந்தச் சிரிப்பு இப்போது இந்த வீட்டில் இல்லை.

பூச்சின் ஓரங்களில் வளையங்கள் இருக்கின்றன. துளி காயும்போது சரக்கெல்லாம் விளிம்புக்கு ஓடிவிடுகிறது, காப்பிக் கறை போல என்று சலித்துக்கொள்வாய். அடுத்த மாதம் சரியாகிவிடும் என்றும் சொன்னாய். சரிசெய்ய நீ இல்லை. அந்த வளையங்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

பிளஸ் ஒன்னுக்கு எந்தப் பிரிவு என்று நாளை எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பா அழைத்துப் போகிறார். இன்று சாப்பிடும்போது, "எனக்கு சயன்ஸ் வேணும்" என்றேன்.

"காமர்ஸ் போதும். ஒருத்தி படிச்சது போதும்."

பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். "சும்மா கெட மக்கா," என்றாள் அம்மா, மெதுவாக.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. அப்பா திட்டுவார் என்று அல்ல. அவர் அழுதுவிடுவாரோ என்று. நீ இருந்தால் கேலி செய்தே அவரைச் சம்மதிக்க வைத்திருப்பாய். எனக்கு அது வராது.

அச்சு கோணிப்போன நாட்களில் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "நாளைக்கு இன்னொண்ணு அடிச்சு நோக்கணும்," என்பாய். எத்தனை வீணானாலும் அதே குரல். அதை மட்டும் எந்தப் பெட்டியிலும் பூட்ட முடியவில்லை. காலையில் அப்பாவிடம் மறுபடி கேட்பேன். அவர் முடியாது என்றால் வண்டியில் அவர் பின்னால் உட்கார்ந்தும் கேட்பேன். பள்ளி வாசலில் இறங்கியும் கேட்பேன்.