890-இல் விழாத பள்ளம்

ஜூலை 8
மழை. உப்பு ஈரம் குடித்திருந்தது. விளக்கைப் போட்டு அதன் சூட்டிலேயே அரைத்தேன். கடுகளவு கொழுப்பமிலப் படிகத்தை அந்த உப்போடு சேர்த்து அரைத்து, அழுத்தி, கண்ணாடி போல ஒரு வில்லை செய்ய வேண்டும். என் வேலை அவ்வளவுதான். அகச்சிவப்பு ஒளி அதற்குள் புகுந்து, படிகம் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று தாளில் கோடு போட்டுக் காட்டும்.

ஆராய்ச்சி செய்கிற அக்காவுக்கு 'பி' வகைப் படிகம் வேண்டும். அந்தக் கோட்டில் 890 என்ற எண்ணில் பள்ளம் விழுந்தால் 'பி'. 940-இல் விழுந்தால் 'சி'.

இன்றும் 940.

"நாப்பது நாள் பொத்திப் பொத்தி வளர்த்தேன்டி. எங்க தப்பு பண்றேன்?" என்றார் அக்கா.

ஜூலை 9
940.

ஜூலை 15
"இந்த மாசத்தோட மூட்டை கட்டிடும்மா" என்றார் பேராசிரியர். அக்கா சிரித்தார். பிறகு கழிப்பறையில் வெகுநேரம் குழாய் ஓடியது.

ஜூலை 22
விளக்கு பியூஸ் போய்விட்டது. நல்ல வெயில், அதனால் விளக்கில்லாமலே அரைத்தேன். அக்கா அலுவலகத்துக்குப் போயிருந்தார். நானே இயந்திரத்தில் வைத்தேன்.

890.

அதே சீசா. அதே படிகம். அப்படியானால் அக்கா வளர்த்தது முதலிலிருந்தே 'பி'தான். சூடு பட்டால் 'சி' ஆகிவிடும், திரும்பாது என்று அவரே சொல்லியிருக்கிறார். சூடு என்றால் அடுப்புச் சூடு என்று நினைத்தேனே! உப்பைக் காயவைக்கத்தான் விளக்கு. அமிலம் சேர்த்ததும் அணைக்கணுமா? நான் கேட்கவே இல்லை. பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான் — புரியலன்னு சொல்ல வாய் வரல, படிப்பைப் பாதியில நிறுத்திட்டேன்.

அக்கா வந்தார். என் முகத்தைப் பார்த்தார்.
"தெரியும், விடு. அதேதானே?"
தலையாட்டினேன். தாள் என் பைக்குள் இருந்தது.

ஜூலை 23
அக்காவின் அறை வாசல் வரை போனேன். அங்கே கூட்டிக்கொண்டிருந்த சித்தி, "வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமாடி? உள்ள போயேன்" என்றாள். சித்தி சொல்லித்தான் எனக்கு இந்த வேலை. திரும்பிவிட்டேன்.

ஜூலை 24
நாளைக்கு.

ஜூலை 29
அக்கா போய்விட்டார். ஆராய்ச்சியே வேண்டாமாம். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்க ஒழுங்கா வேலை செஞ்சது நீ ஒருத்திதான்" என்றார்.

கையை எடுக்கவும் முடியல.

ஆகஸ்ட் 6
அக்காவின் சீசாக்களைக் கழுவச் சொன்னார்கள். பதினெட்டு. வெந்நீரும் சோப்பும் பட்டதும் எல்லாம் கரைந்து போயின. புதிதாக வந்திருக்கிற மாணவி பக்கத்தில் வந்து நின்றார்.
"முன்னாடி இருந்தவங்களுக்குக் கைராசியே இல்லையாமே? சார் சொன்னாரு."

தலையை மட்டும் ஆட்டியிருக்கலாம். "ஆமா" என்று வாய்விட்டே சொன்னேன்.