ஜூலியோ அல்ல, ஹூலியோ

அன்புத் தம்பி ஹூலியோ,

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. ஜெலுத்தோங் திடலில் பயிற்சி நின்றுவிட்டது. கோல் கம்பத்தில் யாரோ துணி காயப்போட்டிருக்கிறார்கள்.

உன் இரங்கல் செய்தியை நான்தான் எழுதினேன். பராகுவேயிலிருந்து பினாங்குக்குக் கால்பந்து ஆட வந்தது, மூன்றாம் பருவத்தில் முழங்கால் போனது, ஊர் திரும்பாமல் கடைசி இடத்தில் கிடந்த குழுவுக்குக் கோச் ஆனது, அதே குழு கிண்ணம் தூக்கியது. ஒன்றையும் விடவில்லை.

ஆனால் நீ கேட்டது வேறு. உன் முதல் ஆட்டத்தன்று, பட்டியலில் இருந்த J என்ற ஆங்கில எழுத்தைப் பார்த்து, உன் மொழியில் அது 'ஹ' என்று தெரியாமல், பேப்பரில் 'ஜூலியோ' என்று எழுதியவன் நான். ஊரே அப்படிக் கத்தியது. கிண்ணம் வென்ற மறுநாள் பாய் கடையில் தே தாரேக் டீயைக் கிளறிக்கொண்டே சொன்னாய்.

"அண்ணே, என் பேரு ஹூலியோ. ஜூலியோ யாருன்னு எனக்குத் தெரியாது லா."

"இத்தன வருஷமா ஏன்டா சொல்லல?"

"ஜூலியோ நல்லா ஆடுறான்னு எழுதுனீங்க. பாவம், விட்டுட்டேன். நான் செத்தா மட்டும் சரியா போடுங்க."

சிரித்தோம். பாதியில் மாற்றினால் வாசகர்கள் குழம்புவார்கள் என்று அதன் பிறகும் அப்படியே எழுதினேன்.

இந்த முறை எல்லா இடத்திலும் ஹூலியோ என்றே எழுதி அனுப்பினேன். காலையில் பேப்பரைப் பிரித்தால் ஜூலியோ. ஓர் இடம்கூடத் தப்பவில்லை. துணையாசிரியர் செல்வியைக் கூப்பிட்டேன்.

"டைப்பிங் மிஸ்டேக்னு நெனச்சேன் அண்ணே. பழைய நியூஸ் எல்லாம் செக் பண்ணித்தான் மாத்துனேன். எல்லாமே நீங்க எழுதுனதுதான் லா."

அவளை என்ன சொல்ல?

அன்று மாலை உன் மனைவி கலா, உன் அம்மாவைத் தொலைபேசியில் பிடித்துக் கொடுத்தாள். "படிங்க அண்ணே. அவங்களுக்குப் புரியாது. மகன் பேர மட்டும் கேக்கணுமாம்."

வாசித்தேன். தாளில் ஜூ, வாயில் ஹூ. ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்திலிருந்து அம்மா உன் பெயரைத் திருப்பிச் சொன்னார். அந்தப் பேப்பரை அனுப்பி வைக்கச் சொன்னாராம். உறையில் போட்டு ஒட்டாமல் வைத்திருக்கிறேன். எப்படி அனுப்புவேன்?

ஒரு முறைதானே இறக்க முடியும், ஹூலியோ? அந்த ஒரு முறையையும் தவறவிட்டேன்.

இந்தக் கடிதம் அச்சுக்குப் போகும் வரை செல்வியின் மேசைப் பக்கத்திலேயே நிற்பேன். பேப்பரில் வந்ததும் உன் அம்மாவுக்கு இதையும் அந்த இரங்கல் செய்தியையும் ஒரே உறையில் அனுப்புவேன். மறைக்க மாட்டேன்.

உன் பெயரைக் கெடுத்த
உன் அண்ணன்